கும்மி நின்ற வருடம்

என் மனைவிக்கு வந்த நோயை முதலில் கண்டுபிடித்தவர் மருத்துவர் அல்லர். பெரம்பலூர் பேருந்து நிலையத்தின் வாசலில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த ஒருவர்.

1997ஆம் ஆண்டின் கோடை. செட்டிகுளத்தில் இருக்கும் அவளுடைய தம்பி வீட்டுக்குப் போவதற்காக அரியலூரிலிருந்து வந்து, அடுத்த பேருந்துக்குக் காத்திருந்தோம். நல்லம்மாளின் வலது செருப்பு முனையில் பிய்ந்து தொங்கியது. தைக்கக் கொடுத்தேன். அவர் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னிடம் கேட்டார்:

"அம்மா வலது கால இழுத்து வெக்கிறாங்களா சார்? கட்டவெரல் பக்கந்தான் தேஞ்சிருக்கு. குதிகால் புதுசாட்டம் இருக்கு."

அவள் நடை அப்படித்தான் என்று சொன்னேன். முப்பது ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன் நான். தடயத்தைப் பார்த்துப் பொருளை அடையாளம் காண்பதையே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அன்று என் கையில் கொடுக்கப்பட்ட தடயத்தை நான் காலில் போட்டுக்கொள்ளச் சொல்லி அவளிடம் திருப்பிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு ஓராண்டு கடந்து, வலது கையின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவதுபோல அசையத் தொடங்கியபோதுதான் திருச்சிக்குப் போனோம். நரம்பியல் மருத்துவர் அவளை மருத்துவமனையின் நீண்ட நடைவழியில் ஒருமுறை நடக்கச் சொன்னார். அவள் போய்த் திரும்பி வருவதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது. "இடது கை வீசுது. வலது கை வீசல. கவனிச்சிருக்கீங்களா?" என்று என்னைக் கேட்டார். முப்பத்திரண்டு ஆண்டுகள் அவளுடன் நடந்திருக்கிறேன். பெரும்பாலும் அவளுக்கு நாலடி முன்னால் நடந்திருக்கிறேன். கவனிக்கவில்லை என்றேன்.

நடுக்குவாதம் (மூளையில் உடலின் அசைவை ஒழுங்குபடுத்தும் பகுதியின் உயிரணுக்கள் மெல்ல மெல்ல அழிவதால் வரும் நோய், பார்க்கின்சன் நோய் என்பார்கள்). அந்த உயிரணுக்கள் டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கின்றன. அது குறையும்போது தசைகள் விறைக்கின்றன, அசைவு மந்தமாகிறது, நடை சுருங்குகிறது. டோபமைனின் மூலக்கூறு வடிவத்தை நான் கரும்பலகையில் பலமுறை வரைந்திருக்கிறேன். அன்று மருத்துவரின் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோதும் அந்த வடிவம் கண்முன் வந்தது. அதனால் ஒரு பயனும் இல்லை.

"இது ஆள உடனே கொண்டுபோற நோய் இல்ல சார். கூடவே இருக்குற நோய்" என்றார் மருத்துவர். அதை ஆறுதலாக எடுத்துக்கொண்டோம்.

இந்தக் கட்டுரையை, இதே நோயோடு வாழ்பவர்களுக்காகவும் அவர்களுக்குக் கைகொடுத்து நிற்பவர்களுக்காகவும் எழுதுகிறேன். மருத்துவ அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நான் செய்தவற்றில் ஒன்று பயன்பட்டது. ஒன்று பெருந்தவறு. இரண்டையும் எழுதி வைப்பது மட்டுமே இனி என்னால் ஆவது.

*

மாத்திரை தொடங்கிய முதல் இரண்டு ஆண்டுகள் நன்றாகவே போயின. லெவோடோபா (மூளைக்குள் போய் டோபமைனாக மாறும் மருந்து) சாப்பிட்ட முக்கால் மணி நேரத்தில் அவள் முகம் தளர்ந்து இயல்பாகும். பூத்தொடுப்பாள், மாவு பிசைவாள், பக்கத்து வீட்டு ராசாத்தியோடு மதில்மேல் சாய்ந்து பேசுவாள். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். ராசாத்தி நான்கு எருமைகள் வைத்துப் பால் ஊற்றுபவள். தெருவில் அவளுடைய குரல் கேட்காத வீடு இல்லை.

மூன்றாம் ஆண்டில் உறைநிலை வந்தது (நடந்துகொண்டிருக்கும்போதே பாதங்கள் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடும் நிலை). பெரும்பாலும் வாசல் நிலைகளில் நிகழும். சமையலறைக்குள் போகத் திரும்புவாள். நிலைப்படி அருகே நின்றுவிடுவாள். உடம்பு முன்னால் சாயும், கால் வராது. நான் பின்னாலிருந்து தள்ளுவேன். "தள்ளாதீங்க, விழுந்துருவேன்" என்பாள். முன்னாலிருந்து இழுப்பேன். அதுவும் தவறு.

அரியலூரில் ஓர் இயன்முறைச் சிகிச்சையாளர் (உடற்பயிற்சியாலும் அசைவுகளாலும் சிகிச்சை தருபவர்) இருந்தார். பெயர் ஜெசிந்தா. வரதராஜன்பேட்டைக்காரர், எங்களுக்கு ஒரு மகள் பிறந்திருந்தால் அந்த வயதிருக்கும். வீட்டுக்கு வந்து பார்த்தவர் என்னைத்தான் முதலில் திருத்தினார்.

"தள்ளவும் வேணாம், இழுக்கவும் வேணாம் சார். உங்க கால அவங்க காலுக்கு முன்னால குறுக்க வைங்க. தாண்டுன்னு சொல்லுங்க."

வைத்தேன். சொன்னேன். நல்லம்மாள் என் பாதத்தைப் பார்த்தாள். ஒட்டிக்கொண்டிருந்த கால் தூக்கிக்கொண்டு அதைத் தாண்டி வந்தது. அடுத்த காலும் வந்தது. "கட்டுன புருசன் காலையே தாண்ட வெச்சிட்டியேம்மா" என்று ஜெசிந்தாவிடம் சொல்லிச் சிரித்தாள்.

தானாக நிகழும் நடையை நடத்தும் வழி அடைபட்டுவிட்டது. ஆனால் கண்ணுக்கு ஒரு கோடோ காதுக்கு ஒரு தாளமோ கிடைத்தால் மூளை வேறொரு வழியைத் திறந்துகொள்கிறது என்று ஜெசிந்தா விளக்கினார். அன்றே சுண்ணக்கட்டியால் கூடத்தின் தரையில் ஓர் அடிக்கு ஒன்றாகக் கோடுகள் போட்டேன். அவற்றை மிதித்து அவள் நடந்தாள். வாசல் நிலைகளில் நான் கால் வைத்தேன்.

*

அடுத்த சித்திரையில் செட்டிகுளத்தில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். மாலைதோறும் கோயில் முன் திடலில் பெண்கள் கும்மி கொட்டினார்கள். நல்லம்மாள் பார்க்க வேண்டும் என்றாள். அவளுடைய தம்பி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகத் திடலின் ஓரம் வரை கொண்டுபோனோம். அங்கே உறைந்து நின்றுவிட்டாள்.

நான் குனிந்து என் காலை அவள் முன் வைக்கப் போனேன். அதற்குள் வட்டத்திலிருந்த ஒரு பெண், இவளோடு பள்ளிக்கூடம் போனவள், கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். விழப்போகிறாள் என்று நான் பதறி ஓர் அடி வைத்தேன். அவள் விழவில்லை. குனிந்து தட்டினாள், நிமிர்ந்து தட்டினாள், வலது கால் முன்னே போனது, இடது கால் கூட வந்தது. என் கோடுகளும் என் பாதமும் இல்லாமல் அவள் வட்டத்தோடு சுற்றினாள். வலது கை வீசியது.

கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொரு நிமிடங்கள். பாட்டு நின்றது, அவளும் நின்றாள். திடலிலிருந்து வெளியே கொண்டுவர மறுபடி நாங்கள் இருவரும் வேண்டியிருந்தது.

"என்னங்க, பாத்தீங்களா?" என்றாள். வியர்த்திருந்தது. "காலு எனக்கு முன்னாடி போவுது. நான் அது பின்னாடியே போறேன்."

திரும்பி வந்ததும் ஜெசிந்தாவிடம் சொன்னேன். அவர் வியப்படையவில்லை. "தெனமும் கொட்டச் சொல்லுங்க. மாத்திரைக்குக் கடைக்குப் போவணும். இதுக்கு வாசலுக்கு வந்தாப் போதும்" என்றார்.

தனியாகக் கும்மி கொட்ட முடியாது, வட்டம் வேண்டும். எங்கள் வீட்டை ஒட்டி ஒரு காலி மனை இருந்தது. சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் சாலை சற்றுத் தள்ளி இருந்ததால் புழுதி குறைவு. ராசாத்தி ஒரே நாளில் ஆள் சேர்த்துவிட்டாள். சர்க்கரை நோய்க்கு நடக்கச் சொல்லியும் நடக்காத ஒரு வங்கி ஊழியரின் மனைவி, முட்டிவலிக்காரி ஒருத்தி, எழுபதைத் தாண்டிய ஒரு மாமியாரும் அவரோடு பேச்சில்லாத மருமகளும், பள்ளிவிட்டு வரும் மூன்று சிறுமிகள். மாலை ஐந்து மணிக்கு வட்டம் கூடும். பாட்டு ராசாத்தியுடையது. வட்டம் தளர்ந்தால் பாட்டுக்கு நடுவிலேயே ஏசுவாள்: "பேங்க்கம்மா, நாங்க கும்மி கொட்டுறம், நீங்க கொசு அடிக்கிறீங்களா?"

எதையும் குறித்து வைப்பது என் வழக்கம். நல்லம்மாள் தொடக்கத்தில் எட்டு நிமிடம் சுற்றினாள்; மழைக்காலம் முடியும்போது இருபத்தைந்து நிமிடம். வாரத்துக்கு மூன்று நான்கு முறை தடுமாறி விழுந்தவள், அடுத்து வந்த தை தொடங்கி நான்கு மாதங்கள் விழவே இல்லை. மலச்சிக்கல் குறைந்தது. குரல், இந்த நோயில் தேய்ந்து முணுமுணுப்பாகிவிடும் குரல், பாட்டுக்குப் பின்பாட்டுப் பாடிப் பாடித் தெளிந்தது. நோயில்லாதவர்களுக்கும் பயன் இருந்தது. வங்கி ஊழியரின் மனைவிக்குச் சர்க்கரை இறங்கியது. முட்டிவலிக்காரி தரையில் உட்கார்ந்து எழத் தொடங்கினாள். பேச்சில்லாத மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் ஒருவர் தட்டுக்கு ஒருவர் தட்டினார்கள்.

ஆட்டம் ஏன் வேறு பயிற்சிகளைவிட நல்லது என்று ஒருமுறை ஜெசிந்தாவைக் கேட்டேன். ஆடும்போது இதயமும் மூச்சும் வேலை செய்கின்றன. உடம்பு சாய்ந்து நிமிர்ந்து சமநிலையைப் பழகுகிறது. அடுத்த அடி எது என்பதை நினைவு தேடிக்கொண்டே இருக்கிறது. குழந்தையின் எலும்புக்கும் முதியவரின் எலும்புக்கும் அது ஒன்றுபோலவே உரம் என்றார். பிறகு, "இதெல்லாம் விடுங்க சார். நடைப்பயிற்சிய நாலு நாளுல விட்டுருவாங்க. இத விட மாட்டாங்க. கையில இன்னொருத்தர் கை இருக்குல்ல" என்றார்.

படிப்பவர்களில் யாரேனும் தொடங்க நினைத்தால், மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். எங்களுக்கு அது மூன்றாம் வேளை மாத்திரைக்கு ஒரு மணி நேரம் கழித்து. தரை சமமாக இருக்கட்டும். வேகமாகத் திரும்ப வேண்டாம். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உட்கார்ந்துவிடுங்கள். பின்னால் ஒருவர் நிற்கட்டும். எங்கள் வட்டத்தில் பின்னால் நின்றவன் நான். மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீங்களும் ஒரு சுத்து வாங்களேன்" என்று ஒரு நாள் வட்டத்திலிருந்தபடியே கூப்பிட்டாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சாலையில் என் பழைய மாணவர்கள் போய்வருகிறார்கள், பெண்கள் கொட்டும் கும்மியில் நான் என்ன செய்வது என்றேன். "ஒரே சுத்து" என்றாள். நான் தலையசைத்து மறுத்துவிட்டேன். அவள் மறுபடி கேட்கவில்லை.

*

2003ஆம் ஆண்டு ஆடியில் என் அண்ணன் இறந்தார். ஜெயங்கொண்டம் பக்கத்தில் எங்கள் சொந்த ஊர். நான் படிக்க வேண்டும் என்பதற்காகத் தன் படிப்பை எட்டாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு ஏர் பிடித்தவர். நான் மேடைகளில் பேசியதும் ஆய்வுக்கூடத்தில் நின்றதும் அவர் நின்ற சேற்றின் மேல்தான்.

எங்கள் பக்கத்தில் பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் ஓராண்டு பண்டிகை கிடையாது. கோயில் திருவிழா, காப்பு, கும்மி எதிலும் அந்த வீட்டார் கலப்பதில்லை. இந்த முறைகளை நான் மதித்தவனும் அல்லன், எதிர்த்தவனும் அல்லன். என்னைத் தொடாதவை என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிளம்பும்போது அண்ணன் மகன் கலியபெருமாள் என்னைத் தனியே அழைத்தான். அவன் குத்திப் பேசுகிறவன் அல்லன். கீழே பார்த்துக்கொண்டே சொன்னான்.

"சித்தி சாயங்காலம் கும்மி கொட்டுறாங்கன்னு இங்க வரைக்கும் தெரியும் சித்தப்பா. ஒடம்புக்காகத்தான்னு எனக்குப் புரியுது. ஊருக்குப் புரியாது. அப்பாவுக்கு ஒரு வருசம் முடியட்டும். ஒரு சொல்லு வந்துரக் கூடாது."

"கொட்டமாட்டாள்" என்றேன்.

அவளைக் கேட்காமல் சொன்னேன். அண்ணனுக்கு நான் செய்யக்கூடியதாக மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான் என்று அந்த நேரத்தில் தோன்றியது. நான் கொடுத்தது என்னுடையது அல்ல என்பது தோன்றவில்லை.

அரியலூர் திரும்பும் பேருந்தில் சொன்னேன். நல்லம்மாள் என் பக்கம் திரும்பிக் கேட்டாள்:

"அது எனக்கு வெளையாட்டா? மாத்திரை மாதிரிதானேங்க?"

ஒரு வருடம்தானே என்றேன்.

"மாத்திரைய ஒரு வருசம் நிறுத்துவீங்களா?"

பதில் இருந்தது. சொல்லவில்லை. அவளும் அதற்குமேல் கேட்கவில்லை. அண்ணனைச் சாமி என்று நினைத்தவள் அவள்.

ராசாத்தியிடம் விவரம் சொன்னபோது அவள் உடனே ஒத்துக்கொண்டாள். "துக்க வூடுங்க, கூப்புடுறது தப்பு" என்றாள். எங்களை மதித்து, மற்றவர்களும் அந்த மனையில் கூடவில்லை. வட்டமே கலைந்தது. ஐந்து மணிக்கு அங்கே எருமைகள் கட்டப்பட்டிருந்தன.

ஜெசிந்தா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, "நான் கிறிஸ்டியன் சார். உங்க மொறை எனக்குத் தெரியாது. ஆனா அம்மா காலுக்கும் உங்க மொறை தெரியாது" என்றார்.

*

மாற்று ஏற்பாடு செய்தேன். கதவைச் சாத்திவிட்டுக் கூடத்தில் மேசையின்மேல் மரக்கோலால் தட்டினேன். அவள் கோடுகளின்மேல் நடந்தாள். தாளம் தவறாமல் தட்டினேன். கால்களும் ஓரளவு கேட்டன. பாட்டு இல்லை, அடுத்த வீட்டுக்குக் கேட்டுவிடும். கை தட்டவும் இல்லை. மூன்று வாரம் நடந்தவள் ஒரு நாள் நடுக்கூடத்தில் நின்றாள். உறைந்து நின்றாள் என்று எண்ணிக் காலைக் குறுக்கே வைத்தேன்.

"காலு நின்னுக்கல. நாந்தான் நிறுத்திட்டேன்" என்றாள். "பள்ளிக்கூடத்துல தண்டனை குடுத்த மாதிரி இருக்குங்க. போதும்."

வற்புறுத்தினேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து பெரும்பாலும் அந்த நாற்காலியில்தான் இருந்தாள்.

என் குறிப்பேட்டில் அந்த மாதங்கள் தெளிவாக இருக்கின்றன. புரட்டாசியில் இரண்டு முறை விழுந்தாள். கார்த்திகையில் ஆறு முறை. மருத்துவர் மாத்திரையைக் கூட்டினார். கூட்டிய மாத்திரை தேவையில்லாத அசைவுகளைக் கொடுத்தது (தலையும் தோளும் தாமாக நெளியும் பக்கவிளைவு). அதைப் பார்த்த ஒரு சிறுமி, "ஆச்சி உள்ளேயே கும்மி கொட்டுறாங்க" என்று தன் அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

பங்குனியில், அண்ணன் இறந்த ஒன்பதாம் மாதம், குளியலறையின் வாசல் நிலையில் அவள் உறைந்து நின்றிருக்கிறாள். நான் அடுத்த அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. விழுந்த ஓசைதான் கேட்டது. ஓடிப் போய்த் தூக்கும்போது, ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன்.

"பேப்பர் படிச்சிட்டு இருந்தீங்களே" என்றாள்.

தொடை எலும்பின் கழுத்து முறிந்திருந்தது (இடுப்பு மூட்டோடு சேரும் குறுகிய பகுதி). திருச்சியில் அறுவைச் சிகிச்சை செய்து செயற்கை மூட்டுப் பொருத்தினார்கள். எலும்பு மருத்துவர் மூன்றாம் நாளே நிற்க வைக்க வேண்டும் என்றார். நிற்க வைத்தோம். எலும்பு தாங்கியது. கால்கள் எதையும் நினைவு வைத்திருக்கவில்லை.

*

ஆடியில் வருடத் திதி கொடுத்தோம். மறுநாள் மாலை ஐந்து மணிக்கு யாரும் சொல்லாமல் வட்டம் கூடியது. ராசாத்தி மனையைப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தாள். நல்லம்மாளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் நடுவில் வைத்தார்கள். ஜெசிந்தாவும் வந்திருந்தார்.

அவளைச் சுற்றிக் கொட்டினார்கள். அவள் முகத்தில் மாற்றமில்லை; அந்த நோய் முகத்தையும் விறைக்கச் செய்துவிடும். நான் வழக்கமான இடத்தில் நின்றேன். வெகுநேரம் கழித்து அவள் வலது காலைப் பார்த்தேன். கட்டைவிரல் மட்டும் செருப்புக்குள் தட்டிக்கொண்டிருந்தது. முன்பு தேய்ந்துபோன அதே இடம்.

அதற்குமேல் எதுவும் அசையவில்லை. அடுத்த ஓராண்டு முழுவதும் மாலைதோறும் நடுவில் வைத்தார்கள். மாலைதோறும் அந்தக் கட்டைவிரல். கடைசி மாதங்களில் விழுங்குவது சிரமமாயிற்று. உணவு நுரையீரலுக்குள் போய் அழற்சி கண்டது. 2005ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் திருச்சி மருத்துவமனையில் இறந்தாள். நோய் தெரிந்த நாளில் அவள் நடந்து காட்டிய அதே நடைவழியில், தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள்.

கும்மி நிற்காமல் இருந்திருந்தால் அவள் விழுந்திருக்க மாட்டாளா என்று நரம்பியல் மருத்துவரைக் கேட்டேன். அவர் நேர்மையானவர். "அப்பவும் விழுந்திருக்கலாம் சார். இந்த நோய் முன்னாடிதான் போகும், பின்னாடி வராது. ஆனா அந்த ஒரு வருசம் அவங்க நடந்திருப்பாங்க" என்றார். ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனையை, ஒன்றை மட்டும் மாற்றி, மறுபடி செய்து பார்க்கலாம். இதை மறுபடி செய்ய முடியாது. ஆகவே எனக்கு எந்த முடிவும் இல்லை. ஒரு வருடம் மட்டும் இருக்கிறது.

*

அவள் போன பிறகு ஐந்து மணிக்கு மனை மறுபடி வெறுமையாகக் கிடந்தது. ஒரு வாரம், இரண்டு வாரம். மூன்றாம் வாரம்தான் எனக்குப் புரிந்தது. அவளுக்காக ஓராண்டு நிறுத்தியிருக்கிறார்கள்.

ராசாத்தியின் கொட்டகைக்குப் போனேன். பால் கறந்துகொண்டிருந்தாள். கும்மியைத் தொடங்குங்கள் என்று சொன்னேன்.

"அம்மா போயி முப்பது நாளு முடியலீங்களே சார். எப்புடிங்க கை தட்டுறது?"

வங்கி ஊழியரின் மனைவிக்குச் சர்க்கரை ஏறிவிட்டதா என்று கேட்டேன். ஏறிவிட்டது என்றாள். முட்டிவலிக்காரி? அவளும் படுத்திருக்கிறாள் என்றாள். முன்பு ஒருமுறை பேருந்தில் நான் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்ல முயன்றேன். "ஒரு வருடம் என்பது..." என்று தொடங்கினேன். முடிக்க வரவில்லை. எருமையின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ராசாத்தி கறப்பதை நிறுத்தவில்லை. மடியிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள்:

"அப்ப நீங்களும் வரணும். அம்மா ஒங்கள ஒரு சுத்து கூப்புட்டாங்க. நாங்கள்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தோம்."

மறுநாள் போனேன். வட்டத்தில் அவள் நிற்கும் இடத்தை விட்டு வைத்திருந்தார்கள். நின்றேன். சாலையில் யார் போனார்கள் என்று பார்க்கவில்லை. ராசாத்தி பாட்டை எடுத்தாள். வட்டம் நகர்ந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் ஓர் அடி போனார். எனக்கும் அவருக்கும் நடுவே இடைவெளி விழுந்தது.

என் கால்களுக்கு எந்த நோயும் இல்லை. மருத்துவர்கள் சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். நான் அவற்றைத் தூக்கச் சொன்னேன். அவை தரையை விடவில்லை. உடம்பு முன்னால் சாய்ந்தது. யாரும் தள்ளிவிடக் கூடாதே என்று பயந்தேன். எட்டு ஆண்டுகள் அவளுக்குப் பக்கத்தில் நின்றவன், அந்தப் பயம் எப்படிப்பட்டது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

பாட்டு நின்றது. ராசாத்தி வட்டத்தைக் கடந்து வந்தாள். நான் வாசல் நிலைகளில் செய்ததை அவள் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து எத்தனையோ முறை பார்த்தவள். என் கால்களுக்கு முன்னால் தன் பாதத்தைக் குறுக்கே வைத்தாள். சாணி காய்ந்திருந்த பாதம்.

"தாண்டுங்க சார்."

தாண்டினேன். ஒரு சுற்று வந்தேன். என் கைகள் ஒவ்வொரு முறையும் மற்றவர்களுக்குப் பின்னால்தான் சேர்ந்தன. எத்தனை நிமிடம் என்று தெரியாது. கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தேன்.

இதை எழுதும் இப்போது இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வட்டம் ஐந்து மணிக்குக் கூடுகிறது. தினமும் ஒரு சுற்று. அதற்குமேல் என்னால் ஆகவில்லை. மற்ற நேரங்களுக்கு நீளமும் இல்லை, குறுக்கமும் இல்லை. ஐந்து மணிக்கு முன், ஐந்து மணிக்குப் பின் என்று இரண்டாகக் கிடக்கின்றன. கூடத்தின் சுண்ணக் கோடுகள் அழிந்துவிட்டன. ஆனாலும் அவை இருந்த இடத்தில்தான் அடி வைக்கிறேன்.

சுற்று முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது வாசல் நிலையில் உடம்பு தானாக நின்றுவிடுகிறது. வலது கால் குறுக்கே போய் நிற்கிறது. சற்று நேரம் அப்படியே வைத்திருக்கிறேன். பிறகு எடுத்துக்கொண்டு உள்ளே போகிறேன்.